போனைத் திருப்பினேன்

ரிட்டையரான பின் ஆண்ட்ராய்டு கற்றுக்கொள்ள, சின்னதாக ஒரு நோட்ஸ் ஆப் எழுதினேன். எழுத ஒரு கட்டம், 'சேமி' பட்டன், கீழே பட்டியல். அம்பத்தூர் ஓ.டி.யில் இதற்குக் கைதட்ட அம்மாவை விட்டால் ஆளில்லை.

"நான் சொல்றதையெல்லாம் இதுல எழுதுவியாடா?" என்றாள். வயது 86. ஆவடி ஃபாக்டரியில் விஜயந்தா டாங்கி தயாரான 1965-ல் குடிவந்த வீடு, அதன் கிணறு, 3 வயதில் போய்விட்ட என் தங்கை... 11 குறிப்புகள். அவளிடம் பெரிதாகக் காட்ட, போனைப் படுக்கைவாட்டில் திருப்பினேன். பட்டியல் காலி!

விஷயம் இதுதான். போனைத் திருப்பினால் ஆண்ட்ராய்டு அந்தத் திரையை அழித்துவிட்டுப் புதிதாகப் படைக்கிறது. நான் குறிப்புகளை வைத்திருந்ததோ வெறும் வேரியபிளில். 'சேமி' என்று பெயர் வைத்தால் ஆயிற்றா? எஸ்.க்யூ.லைட்டில் எழுத வேண்டும். 2000-ல் ரிச்சர்ட் ஹிப், அமெரிக்கப் போர்க்கப்பல் வேலைக்காக எழுதிய டேட்டாபேஸ். இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் இலவசமாக உட்கார்ந்திருக்கிறது. (நீங்களும் ஆப் எழுதுவதானால், முதல் நாளே போனைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.)

சேர்க்க 2 நாளாயிற்று. "மறுபடி சொல்லும்மா" என்றேன். சொன்னாள். 9 குறிப்புகள் வந்தன. தங்கை வரவில்லை. நானும் கேட்கவில்லை.