விருந்தை அளக்கும் கோல்

அயல்நாடு சென்று திரும்புகின்றவர் ஊர் வந்து சேர்ந்ததும் முதலில் பேசுவது அங்குக் கண்ட கட்டடங்களைப் பற்றியன்று. உண்ட உணவைப் பற்றியே. இஃது இன்று நேற்று உண்டான வழக்கமன்று. ஆயினும் அப்பேச்சின் போக்கு நம் கண்ணெதிரிலேயே மாறிவிட்டது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனத் தோல் வணிகத்தால் வளர்ந்த நம் ஊர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இதனை நன்கறிவர்.

முன்னாளில் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் சரக்கு விற்கச் சென்ற பெரியவர்கள், பெட்டியின் ஒரு பக்கம் தோல் மாதிரிகளையும் மறுபக்கம் ஊறுகாய்ப் புட்டியையும் ரஸ்க் பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு புறப்படுவர். திரும்பி வந்தால், "பத்து நாளும் ரொட்டியும் அவித்த முட்டையுந்தான், வீட்டுச் சோற்றை நினைத்துக்கொண்டே உறங்கினேன்" என்பர். அவர்தம் மக்களும் பேரன்மாரும் இன்று வேறு விதமாகப் பேசுகின்றனர். எந்த ஊரில் எந்த உணவகத்துக்கு எத்தனை நட்சத்திரம், இடம் கிடைக்க எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், இருவருக்கு என்ன தொகையாயிற்று என்பனவே அவர்கள் ஒப்பிட்டுப் பேசும் செய்திகள்.

சென்ற ஆண்டு ஆம்பூரில் ஒரு நிக்காஹ் முடிந்து, உணவும் முடிந்து, திண்ணையில் அமர்ந்திருந்தபோது இத்தகைய உரையாடல் ஒன்றைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பேசிக்கொண்டிருந்த மூவரும் இளமையில் என்னிடம் குர்ஆன் ஓதியவர்கள். இன்று காலணித் தொழிலில் நல்ல நிலையில் இருக்கின்றனர். ஸகாத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பவர்கள். குறை சொல்லத்தக்கவர்கள் அல்லர்.

ஒருவர் இத்தாலியில் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்குச் சென்ற வழியில் மோதெனா நகரில் மாஸிமோ போத்தூரா என்பார் நடத்தும் ஆஸ்தெரியா பிரான்செஸ்கானாவில் உண்டவர். உலகின் சிறந்த ஐம்பது உணவகங்கள் என்று வெளியிடப்படும் பட்டியலில் 2016-லும் 2018-லும் முதலிடம் பெற்றது அவ்வுணவகம். அங்கே ஓர் எலுமிச்சை இனிப்பு, கீழே விழுந்து உடைந்தது போலவே தட்டில் பரிமாறப்படும். முன்னொரு நாள் பணியாளர் ஒருவர் உண்மையிலேயே அதனைத் தவறவிட, உடைந்த வடிவின் அழகைக் கண்டு போத்தூரா அதையே ஒரு பண்டமாக்கிவிட்டாராம். இரண்டாமவர் துபாய் சென்றவர். அங்குள்ள ட்ரெஸிண்ட் ஸ்டூடியோ 2025-இல் மூன்று நட்சத்திரம் பெற்றது. இந்திய உணவு பரிமாறும் உணவகமொன்று அந்நிலையை எட்டியது உலகிலேயே அதுதான் முதன்முறை. மூன்றாமவர் நியூயார்க்கில் 'செம்மா' என்னும் தமிழ்ப்பெயர் பூண்ட உணவகத்துக்குச் சென்றவர். அதனை நடத்தும் சமையற்கலைஞர் விஜய்குமார் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் பகுதியைச் சேர்ந்தவர். 2022-இல் நட்சத்திரமும் 2025-இல் ஜேம்ஸ் பியர்ட் விருதும் பெற்றவர். அவருடைய புகழ்பெற்ற பண்டம் நத்தைப் பிரட்டல். நம் அன்பர் அதனை ஒதுக்கிவிட்டுத் தோசையோடு நிறைவு கொண்டாராம்.

கேட்பதற்கு இனிமையாகவே இருந்தது. ஆனால் பேச்சின் முடிவில் ஒருவர், "அங்கெல்லாம் சாப்பிட்ட பிறகு நம்மூர்ப் பிரியாணி நாக்கில் இறங்குவதில்லை" என்றார். அவ்வேளை எங்களுக்குக் கை கழுவ நீர் வார்த்துக்கொண்டிருந்தவர், விடியற்காலை முதல் அந்தப் பிரியாணியின் தேக்சாவுக்கு விறகு தள்ளியவர். அவர் முகம் சற்றே வாடியதை நான் கண்டேன். அதனைக் கவனியாத அந்த அன்பர் என் பக்கம் திரும்பி, "ஹஜ்ரத், நீங்களே சொல்லுங்கள், இம்மூன்றில் எது உயர்ந்தது?" என்று வினவினார்.

உண்டறியாத உணவுக்குத் தீர்ப்பளிக்க நான் யார்? எனினும், அளக்கப்படும் பொருள் யாது, அளக்கும் கோல் யாது என்று கேட்பது மதரஸாவில் பயின்றவர்களுக்குப் பழக்கமான வேலை. அதனை ஈண்டுச் செய்து பார்க்கின்றேன்.

இந்த நட்சத்திரங்களை வழங்குவது மிஷெலின் என்னும் பிரெஞ்சு நிறுவனம். அது சமையலோடு தொடர்புடையதன்று. மோட்டார் வண்டிகளுக்கு டயர் செய்வது. மக்கள் வண்டியேறி நெடுந்தொலைவு சென்றாலன்றி டயர் தேயாது. டயர் தேய்ந்தாலன்றிப் புதியது விற்காது. ஆகவே 1900-இல் மிஷெலின் சகோதரர் இருவரும் பயணிகளுக்கென ஒரு வழிகாட்டி நூலை அச்சிட்டு இலவசமாக வழங்கினர். 1926-இல் சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரக் குறியிடத் தொடங்கினர். 1931-இல் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் வரிசை வந்தது. ஒன்று பெற்றது வழியில் நின்று உண்ணத்தக்கது. இரண்டு பெற்றது வழியை விட்டு விலகிச் சென்றும் உண்ணத்தக்கது. மூன்று பெற்றது அதற்கென்றே பயணம் புறப்படத்தக்கது. இவ்விளக்கத்தில் சாலையின் மணமும் டயரின் மணமும் இன்றும் வீசுகின்றன.

தரம் காண வருபவர் தம்மை இன்னாரென்று காட்டிக்கொள்வதில்லை. உண்டதற்குப் பணமும் செலுத்திவிடுவார். அவர் நோக்குபவை ஐந்து: மூலப்பொருளின் தரம், சமைக்கும் திறம், சுவைகளின் இசைவு, சமைப்பவரின் தனித்தன்மை, எந்நாளும் எத்தட்டிலும் மாறாத நிலை. மேசை விரிப்பும் கண்ணாடி விளக்கும் இக்கணக்கில் சேரா.

இதனைப் புரிந்துகொள்வதில் நம் பகுதியினருக்கு எவ்வித இடரும் இல்லை. தோல் கிடங்கில் செலக்‌ஷன் பார்ப்பவரின் வேலையும் இதுவே அன்றோ? வெளிச்சத்தில் தோலை விரித்து, உண்ணி கடித்த வடுவையும், முள் கீறிய கோட்டையும், உரிக்கையில் கத்தி பட்ட இடத்தையும் கண்டு தரம் பிரிக்கின்றார். விற்பவன் மனம் நோகுமே என்று அவர் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. வாங்குபவனுக்கு அவர் செய்யவேண்டிய அமானிதம் அது. பணம் கொடுத்து உண்ணப்போகும் முகமறியாத ஒருவனுக்காக உணவகத்தின் குறைநிறைகளை எடுத்துரைப்பதும் அவ்வாறே நேர்மையான தொழிலாகும். ஆனால் கிடங்கில் குறை தேடிப் பழகிய கண்ணை, வீட்டுக்கு விருந்தினனாகச் செல்லும்போதும் கழற்றாமல் கொண்டு செல்வதுதான் தொல்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வுணவையும் குறை கூறியதில்லை என்றும், விருப்பமிருப்பின் உண்டு, இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்றும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக அறிகிறோம். ஒருகால் உடும்பிறைச்சி வைக்கப்பட்டபோது அவர்கள் அதனை உண்ணவில்லை. தம் மக்கள் வாழும் பகுதியில் அது இல்லாமையால் மனம் ஒப்பவில்லை என்று காரணம் கூறினார்கள். அருகிருந்த காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களோ அதனையே எடுத்து உண்டார்கள், தடுக்கப்படவில்லை. இதில் நுட்பமான பாடம் ஒன்று உண்டு. "எனக்குப் பழக்கமில்லை" என்பது வேறு. "இது தாழ்ந்தது" என்பது வேறு. முன்னது தன்னைப் பற்றிய செய்தி. பின்னது உணவின் மீதும் அதனை ஆக்கியவர் மீதும் கூறும் தீர்ப்பு.

பயணிகளில் தலைசிறந்த இப்னு பதூதாவிடமும் இவ்விரண்டையும் காணலாம். அவர் மேலைக் கடற்கரையில் ஹொன்னாவரின் சுல்தான் ஜமாலுத்தீன் அளித்த விருந்தை வரிசை மாறாமல் எழுதி வைத்துள்ளார். முதலில் சோறும் நெய்யும், தொட்டுக்கொள்ள மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்கள், பின் கோழி, பின் மீன், பின் காய்கறி, இறுதியில் தயிர். இன்றைய உணவகங்கள் தட்டுத் தட்டாக அளிக்கும் வரிசைக்கு இது சற்றும் குறைந்ததன்று. கோதுமை ரொட்டிக்கு ஏங்கிய அவர் நம் கடற்கரைகளிலும் மாலத்தீவிலும் இலங்கையிலும் சோற்றையே உண்டு சலித்து, தண்ணீரைக் குடித்தே அதனை விழுங்க நேர்ந்தது என்கிறார். அது பழக்கத்தின் குறை. அதில் இகழ்ச்சி இல்லை. ஆனால் 1352-இல் மாலி நாட்டில் மன்னரின் வரவேற்புக் கொடை வந்ததென்று எழுந்து நின்றவர், வந்தவை மூன்று ரொட்டியும் ஒரு துண்டு மாட்டிறைச்சியும் ஒரு குடுக்கைத் தயிரும் எனக் கண்டு சிரித்துவிட்டார். பட்டாடையும் பொன்னும் எதிர்பார்த்த கண் அங்கே அளந்தது. ஏறத்தாழ 670 ஆண்டுகள் கழித்து அந்நூலைப் படிக்கும் நமக்கு, ரொட்டியைக் காட்டிலும் அந்தச் சிரிப்பே நினைவில் நிற்கின்றது.

நம் தமிழிலோ, உண்டு வந்தவர் உண்ணப்போகிறவருக்கு வழி சொல்வது ஓர் இலக்கிய வகையாகவே அமைந்துள்ளது. ஆற்றுப்படை என்பது வேறென்ன? பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிர்வரும் பாணனை நிறுத்தி, "இவ்வழியே செல், இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும், முடிவில் இன்ன வள்ளலைக் காண்பாய்" என்கிறான். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்று வருகின்றது. பெயரைக் கண்டு நம் வேலூரும் ஆம்பூரும் என மயங்கிவிடலாகாது. அவை ஓய்மாநாட்டு ஊர்கள், திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதியைச் சேர்ந்தவை. இறுதியில் நல்லியக்கோடன் என்னும் தலைவன் பொற்கலத்தில் பலவகை உணவு படைத்து, தானே நின்று உண்பிக்கின்றான்.

மிஷெலின் நூலும் ஆற்றுப்படையும் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டும் பயணிக்கு உணவின் வழி காட்டுகின்றன. வேறுபாடு ஒன்றே. அங்கு வழிகாட்டப்படுபவன் பணமுடையவன். இங்கு வழிகாட்டப்படுபவன் பசியுடையவன். தான் உண்டதைச் சொல்லும் பாணன் தன் பெருமைக்காகச் சொல்லவில்லை. எதிரே நிற்பவனும் உண்ணவேண்டும் என்பதற்காகச் சொல்கின்றான். அயல்நாட்டு விருந்தை ஒப்பிட்டுப் பேசும் நம் அன்பர்களுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் வேண்டுவதில்லை.

அன்று திண்ணையில் அதுவரை வாய் திறவாதிருந்த முதியவர் ஒருவர், இதனை நான் சொல்லி நிறுத்தியதும் மெல்லப் பேசினார். நாற்பது ஆண்டுகள் தோல் விற்றவர். இத்தாலியில் தோல் பதனிடுவதற்குப் பெயர்பெற்ற சாந்தா குரோச்சே என்னும் சிற்றூரில், தொழிற்சாலை மேஸ்திரி ஒருவர் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்தாராம். "உங்கள் பாத்திரத்தில் நான் உண்ண இயலாதே" என்று இவர் தயங்கியிருக்கின்றார். மறுநாள் மாலை சென்றபோது அடுப்பின்மேல் கடைச்சீட்டுக் கிழிக்கப்படாத புதுச்சட்டி ஒன்றைக் காட்டி, அந்த வீட்டு அம்மாள் அதில் மீனும் உருளைக்கிழங்கும் ஆக்கிப் படைத்தாராம். "உப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனால் அதற்குப் பின் நான் எத்தனையோ பெரிய இடங்களில் உண்டுவிட்டேன், எதையும் அதனோடு ஒப்பிடத் தோன்றவில்லை" என்றார். இளையவர் மூவரும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

புதுச்சட்டிக்கு எந்த நூலிலும் நட்சத்திரம் இல்லை. தட்டிலுள்ளதை அளக்கும் கோல், தட்டை வைத்த கையை அளக்க இயலாது. அஃது அக்கோலின் குற்றமன்று. அதற்கு அவ்வேலை இடப்படவில்லை. ஒன்றை அளக்கச் செய்த கோலால் எல்லாவற்றையும் அளக்க முற்படுவதே நம் பிழை.

மேலே சொன்ன போத்தூராவே இதற்குச் சான்று. 2015-இல் மிலான் நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, அங்கு மிஞ்சிய உணவுப்பொருள்களைக் கொண்டு வீடற்றோர்க்கு உணவளிக்க, கைவிடப்பட்ட நாடக அரங்கம் ஒன்றை உணவுக்கூடமாக்கினார். ரெஃபெத்தோரியோ அம்புரோசியானோ என்பது அதன் பெயர். உலகப்புகழ் பெற்ற சமையற்கலைஞர்கள் பலர் அங்கு வந்து சமைத்தனர். வந்தவர்களைத் தட்டேந்தி வரிசையில் நிற்கவைக்கவில்லை. மேசையில் அமர்த்திப் பரிமாறினர். மோதெனாவின் மூன்று நட்சத்திரத்தைக் கண்டு வந்த நம் அன்பர்கள், மிலானின் இந்த மேசையையும் கண்டு வந்து சொல்வார்களானால் அவர்கள் பயணம் இன்னும் பயனுடையதாகும்.

ஏனெனில் இது நம் வீட்டுக் கதவையும் தட்டுகின்ற செய்தி. செல்வரை அழைத்து ஏழையரை விட்டுவிடும் வலீமா உணவே உணவுகளில் மிகத் தீயது என்னும் எச்சரிக்கையை ஓதாத மதரஸா இல்லை. இருந்தும் அண்மைக் காலத்தில் நம் திருமண மண்டபங்களில் ஒரு புதுவழக்கம் தலைகாட்டுகின்றது. அயல்நாட்டு வணிகருக்கும் முக்கியமானவர்க்கும் குளிரூட்டிய அறையில் பலவகைப் பண்டங்கள். தொழிற்சாலையில் தோலோடும் தண்ணீரோடும் உழைப்பவர்க்குப் பின்கட்டில் ஒரே தட்டு. நம் முன்னோர் ஒரே தேக்சாவிலிருந்து சீரகச்சம்பாச் சோற்றை எடுத்து, கத்திரிக்காய்ப் பச்சடியோடு முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே தஸ்தர்கானில் பரிமாறினர். ஆம்பூர்ப் பிரியாணியின் புகழுக்கு அரிசியும் இறைச்சியும் மட்டுமே காரணம் என்று நான் நம்புவதில்லை.

இளைஞர்கள் உலகெங்கும் செல்லட்டும். ஹலாலைப் பேணி, நல்ல கைவண்ணத்தை எங்குக் கண்டாலும் சுவைத்து மகிழட்டும். திறமையை மதிப்பது அறிவுடைமை. கண்டதை ஊர் வந்து ஒப்பிட்டுப் பேசவும் செய்யட்டும். ஆனால் பேசுமுன் ஒரு கணம் சுற்றிலும் நோக்கட்டும்: யார் காதில் இது விழுகின்றது, விறகு தள்ளியவர் அருகில் நிற்கின்றாரா என்று. அடுத்த வீட்டு வலீமாவுக்குப் பட்டியல் எழுதும்போது, எத்தனை வகைப் பண்டம் என்று கணக்கிடுமுன், எத்தனை வகை மனிதர் ஒரே விரிப்பில் அமர்வர் என்று கணக்கிடட்டும். அந்த ஒரு கோலை நாம் கைநழுவ விடாதிருப்போமாக. ஆமீன்.