கண்டறியப்பட்டது

ஏற்காட்டில் ஒரு வங்கிக் கிளை. உள்தணிக்கை மேலாளனாக அடகு நகைப் பைகளைப் பிரித்து எடை பார்த்துக்கொண்டிருந்தேன். எடை சரி. ஒரு தாலிக்கு மட்டும் வட்டி குமாஸ்தாவின் சொந்தக் கணக்கிலிருந்து போயிருந்தது.

'காப்பிப் பழம் பறிக்கிறவ சார். தை பொறந்ததும் குடுத்துடுவா. அதுக்குள்ள ஏலம் போயிடும்' என்றார்.

வாடிக்கையாளர் கடனில் ஊழியர் பணம் கலக்கக்கூடாது. போலி அடகுகளுக்கு இப்படித்தான் உயிர் கொடுக்கிறார்கள். 'கண்டறியப்பட்டது' என்று எழுதினேன். எங்கள் அறிக்கைகளில் எல்லாமே செயப்பாட்டு வினை. கண்டவன் அங்கே இல்லை, கட்டியவன் மட்டும் பணியாளர் எண்ணோடு இருப்பான். 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் சேர்வதற்குள் அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மறுவருஷம் அந்தப் பை இல்லை. மீட்டாளா, ஏலமா என்று பேரேட்டில் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பார்க்கவில்லை.