மிச்ச எண்ணெய்



எங்க அப்பா சாயங்காலம் பஜ்ஜிக் கடை போடுகிறார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளி விட்டதும் நான்தான் வாழைக்காய் சீவிக் கொடுப்பேன். அதனால் எண்ணெயைப் பற்றி எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு!

"எந்த எண்ணெய் நல்லது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருந்தால் சந்தோஷமாக வாங்குகிறோம். கொலஸ்ட்ரால் விலங்குக் கொழுப்பில் இருப்பது. தாவர எண்ணெய் எதிலுமே அது இல்லை என்றே சொல்லலாம். கலோரியும் எல்லாவற்றிலும் ஒன்றுதான், கிராமுக்கு 9.

வித்தியாசம் கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் தினமும் நிறையச் சேர்த்தால் ரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறும். சூரியகாந்தி எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம். இதயத்துக்கு நல்லது. ஆனால் அதன் இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜன் சுலபமாகத் தாக்கும், அதனால் காயக் காயச் சீக்கிரம் கெடும். கடலை எண்ணெய் இரண்டுக்கும் நடுவில். நல்லெண்ணெயில் இயற்கையாகவே உள்ள செசமால் போன்ற பொருள்கள் காறல் ஏறாமல் காக்கின்றன.

ஆனால் எந்த எண்ணெயாக இருந்தாலும் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கெட்டுத்தான் போகும். பஜ்ஜி சுடும்போது எண்ணெய் சுமார் 180 டிகிரி சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் காற்று, மாவின் ஈரம், கருகிய தூள் எல்லாம் சேர்ந்து எண்ணெயை உடைக்கின்றன. நிறம் கறுக்கும், பிசுபிசுக்கும், நுரை தள்ளும், சிக்கு வாடை அடிக்கும். புகை கண்ணைக் கரிக்கிறதே, அதற்கு அக்ரோலின் என்ற பொருள்தான் முக்கியக் காரணம். பழைய எண்ணெயில் புதுசை ஊற்றினால் பழசு புதுசாகாது. புதுசும் சீக்கிரம் கெடும்.

இதை அறிவியல் வகுப்பில் படித்த அன்று ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். எங்க கடையிலும் தினம் அரை லிட்டர் மிஞ்சும். மறுநாள் அதோடுதான் புது எண்ணெய் சேரும். அப்பா கோபப்படவில்லை. "மிச்ச எண்ணெயைக் கொட்டினா நம்ம லாபத்தைக் கொட்டுற மாதிரி பாப்பா" என்றார். அவர் சொன்னதும் நிஜம்தான். அந்த லாபத்தில்தான் என் நோட்டுப் புத்தகமும் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? காய்ந்து கெட்ட எண்ணெயில் துருவச் சேர்மங்கள் என்பவை சேரும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலையிலிருந்து விதி வைத்திருக்கிறது. அதை அளக்கும் கருவி எங்க கடையில் கிடையாது. கண்ணும் மூக்கும்தான் கருவி.

கடைசியில் வழி சொன்னது அம்மா. "பெரிய சட்டி எதுக்கு? சின்னச் சட்டி வைங்க. குறையக் குறைய ஊத்திக்கலாம்." இப்போது கடை கட்டும்போது ஒரு டம்ளர்தான் மிஞ்சுகிறது. அது மறுநாள் சட்டிக்குப் போவதில்லை. சாக்கடையிலும் ஊற்றுவதில்லை, அடைத்துக்கொள்ளும். பழைய பேப்பரில் ஊறவைத்துக் குப்பையில் போடுகிறோம். கணக்குப் பார்த்தோம், நஷ்டம் ஒரு நாளைக்கு நாலு பஜ்ஜி காசு!

"இதைச் சுவரிதழில் எழுதட்டுமாப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எழுது, உண்மைதானே" என்றார்.

நண்பர்களே! பயன்படுத்தின எண்ணெயில் மெத்தனால் சேர்த்து பயோடீசல்கூடத் தயாரிக்கிறார்கள். அது லாரிக்கு உணவாகட்டும், நமக்கு வேண்டாம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அடுப்படியில் மூடி வைத்திருக்கும் எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்து முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் அம்மாகிட்ட பக்குவமாகச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம், அந்த எண்ணெய்க்கும் காசு கொடுத்தது அவர்கள்தான்.

– 10 ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி