நாங்கள் காணாத ஆட்டக்காரர்

திருவண்ணாமலை என்றவுடன் மலையும் தீபமும், பௌர்ணமி இரவில் பதினான்கு கிலோமீட்டர் வலம்வரும் பெருங்கூட்டமுமே எவருக்கும் நினைவுக்கு வரும். கால்பந்து நினைவுக்கு வராது. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கார்த்திகை தீபத்தின்போது நகரின் எல்லைகளில் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் எழும். நாங்கள் பந்து விளையாடிய திடலும் அவற்றுள் ஒன்றாகிவிடும். பேருந்துகள் போனபின் சக்கரத் தடங்கள் காய்ந்து இறுகிக் கிடக்கும். அந்தத் தடங்களின்மேல் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடியவர்கள் நாங்கள் ஆறேழு பேர். இன்று நாற்பதைக் கடந்துவிட்டோம். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் அதே திடலின் வேப்பமரத்தடியில் இன்னும் கூடுகிறோம்.

எங்களுக்கு ஒரு கழகம் உண்டு. அது ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கல்கத்தாவில் இருக்கிறது. அதன் பெயர் ஈஸ்ட் பெங்கால். அதை எங்களுக்குத் தந்தவர் 'கரக்பூர் தாத்தா' என்று நாங்கள் அழைத்த முதியவர்.

அவர் பிறந்தது எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில். அப்போது அது வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல்தான். இருபது வயதில் கரக்பூர் ரயில்வே பணிமனைக்குப் போனவர், ஓய்வு பெற்று 1990களின் நடுவில் ஊர் திரும்பினார். எங்கள் ஆட்டத்தை ஒரு மாதம் பேசாமல் பார்த்தார். பிறகு ஒருநாள், "எல்லாரும் பந்து பின்னாலயே ஓடுறீங்களே தம்பிங்களா, பந்து வரப்போற இடத்துல யாருடா நிக்கிறது?" என்று கேட்டார். அன்று தொடங்கியது அந்தப் பெயர்: பலராம்.

துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவில் 1936இல் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். வறிய குடும்பம். காவலர்கள் கழித்துப்போட்ட பழைய காலணிகளைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் பந்தாடும் காலணியாக மாற்றிக்கொண்டவர் அவர். ஐதராபாத் காவல்துறை அணிக்கும் பின்னர் இந்திய அணிக்கும் பயிற்றுநராக விளங்கிய சையது அப்துல் ரஹீம் என்ற ஆசிரியரின் கண்ணில் அந்த இளைஞர் பட்டார். பயிற்சிக்கு நகரம் வந்துபோகப் பையனிடம் காசில்லை என்றறிந்து, வாடகைச் சைக்கிளுக்கு ரஹீமே ஏற்பாடு செய்தார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அந்தப் பையனும் இருந்தார். அடுத்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால் கழகம் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டது.

அவர் ஆடிய இடத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அந்நாளில் அணியின் முன்வரிசையில் ஐவர் நிற்பர். இரு ஓரங்களிலும் இருவர், நடுவில் ஒருவர், இவர்களுக்கு இடையே 'இன்சைடு ரைட்', 'இன்சைடு லெப்ட்' என இருவர். இந்த இருவருடைய வேலை, இன்று நடுக்கள ஆட்டக்காரர் என நாம் அழைப்பவரின் வேலைக்கு மிக நெருங்கியது. பின்னே இறங்கிப் பந்தை வாங்கவேண்டும். முன்னே ஓடுபவரின் காலடியில் அதைச் சேர்க்கவேண்டும். வாய்ப்பு வந்தால் தாமே கோலும் அடிக்கவேண்டும். பலராம் இன்சைடு லெப்ட். தேவைப்பட்டால் ஓரத்திலும் ஆடுவார், நடுவிலும் ஆடுவார். "கோல் போட்டவன் பேரு மறுநாள் பேப்பர்ல வரும். கொடுத்தவன் பேரு பார்த்தவனுக்குத்தான் தெரியும்" என்பார் தாத்தா. ஆனால் பலராம் கோல்களும் குறைவாகப் போட்டவரல்லர். அந்தக் கழகத்துக்காக நூற்றுக்கும் மேல் போட்டார். 1961இல் அவர் தலைமையில்தான் ஈஸ்ட் பெங்கால் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு கல்கத்தா லீக்கை வென்றது. அவ்வாண்டின் ஐ.எப்.ஏ. ஷீல்டைப் பரம எதிரியான மோகன் பகானுடன் பகிர்ந்துகொண்டது.

ஒரு தமிழர் ஏன் மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலைப் பிடித்துக்கொண்டார் என்று நாங்கள் கேட்டதுண்டு. கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் கழகம் அது. 1920இல் தோன்றியது; நாடு பிரிந்தபின் வீடிழந்து வந்து சேர்ந்த இலட்சக்கணக்கானோருக்குச் சொந்த ஊர் என்று எஞ்சியது அந்தச் சிவப்பும் பொன்னிறமும் கலந்த சட்டைதான். அவர்கள் அணி வென்றால் அன்றைக்கு வீட்டில் இலிஷ் மீன். மோகன் பகான் வென்றால் எதிர்வீட்டில் இறால். "நானும் ஊரை விட்டுப் போனவன்தானே" என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார் தாத்தா. கரக்பூரிலிருந்து அதிகாலை ரயிலேறி, மைதானத்து வரிசையில் வெயிலில் நின்று, குதிரைப்படைக் காவலரின் விரட்டுக்குத் தப்பி உள்ளே நுழைந்தால், அங்கே தம் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் வங்காளிகளின் தோள்களில் ஏறி வலம்வருகிறார். அந்த மகிழ்ச்சியை அவர் சொன்ன விதத்தில் நாங்களும் அடைந்தோம்.

1960இல் ரோமாபுரி ஒலிம்பிக். அங்கே வெண்கலம் வென்ற ஹங்கேரியிடம் இந்தியா 1-2 என்றே தோற்றது; அந்த ஒரு கோல் பலராமுடையது. பெரு நாட்டுக்கு எதிரான 1-3 தோல்வியிலும் அவரே கோல் போட்டார்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிகளைத் தாத்தா பார்க்கவில்லை. வானொலியிலும் நாளிதழிலும் அறிந்ததே. ஆயினும் அதைத்தான் அதிகம் சொன்னார். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்க மறுத்தது. இந்தியாவின் விளையாட்டு நிர்வாகி சோந்தி அதைக் கண்டித்தார். அந்நகர மக்களின் சினம் இந்திய வீரர்கள்மேல் திரும்பியது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1 எனவும், ஜப்பானை 2-0 எனவும் வென்றனர். ஜப்பானுக்கு எதிரான கோல்களில் ஒன்று பலராமுடையது. அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வென்றனர். தலையில் தையல் போட்ட காயத்தோடு தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார் ரஹீம். செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டத்தில் மீண்டும் அதே தென்கொரியா. அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட, இந்தியருக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, 2-1. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்றதே இல்லை. தங்கராஜ் என்ற பெயரைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா எங்களை ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். அந்தப் பார்வையின் பொருளை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

ரஹீம் அப்போதே புற்றுநோயால் மெலிந்திருந்தார். 1963 ஜூனில் அவர் இறந்தார். அதே ஆண்டில் நுரையீரல் நோய் பலராமின் ஆட்டத்தையும் முடித்துவைத்தது. இருபத்தேழு வயதுகூட நிறையவில்லை. கழகத்தின்மேல் அவருக்கு ஏற்பட்ட மனத்தாங்கல் அப்போது தொடங்கியது. அது இறுதிவரை ஆறவில்லை. தென்கிழக்கு ரயில்வேயில் பணியாற்றினார், திருமணம் செய்துகொள்ளவில்லை, ஹூக்ளி நதிக்கரையில் உத்தர்பாராவில் தனியே வாழ்ந்தார். சுனி கோஸ்வாமிக்கு 1983இலும், பி.கே. பானர்ஜிக்கு 1990இலும் பத்மஸ்ரீ வந்தது. அவர்களோடு ஒரே மூச்சில் சொல்லப்பட்ட மூன்றாவது பெயருக்கு 1962ஆம் ஆண்டின் அர்ஜுனா விருதோடு நின்றுவிட்டது.

இந்த விருதுக் கதையைச் சொல்லி நாங்கள் கொதித்தபோதெல்லாம் தாத்தா எங்களோடு சேர்ந்து கொதிக்கவில்லை. அது எங்களுக்கு நெடுநாள் விளங்கவில்லை. அவர் படுக்கையில் விழுந்தபின், ஒரு மாலையில், தாமாகவே சொன்னார். ஹௌராவிலிருந்து உத்தர்பாரா உள்ளூர் ரயிலில் சிறிது நேரப் பயணம். ரயில்வே ஊழியருக்குப் பாஸ் உண்டு, செலவுமில்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் அதே ரயில்வேயில் இருந்தும் அவர் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. "கைதட்டக் கூட்டத்தோட போனோம். உடம்புக்கு எப்படி இருக்குன்னு கேக்கத் தனியா போவலை. அடுத்த வருசமே வேற ஆளுக்குக் கத்தினோம். எனக்குத் தமிழ் பேச வரும். அங்க போயி நாலு வார்த்தை பேசியிருக்கலாம்."

நாங்கள் அவருக்கு ஆறுதல் கூறினோம். அவ்வளவு பெரிய மனிதரை எப்படிப் போய்ப் பார்ப்பது, வாசலில் யார் விடுவார்கள் என்றோம். அவர் ஏற்கவில்லை. பெரிய மனிதர் என்பதெல்லாம் போகாதவன் சொல்லும் சாக்கு என்றார். அவர் கூறியதே சரி என்பது எங்கள் கருத்து. விருது தராத அரசையும், மனம் நோகச் செய்த கழகத்தையும் குறைகூறுவது எளிது. அவற்றுக்கு முகவரி உண்டு. ரசிகர் கூட்டத்துக்கு முகவரி இல்லை. ஆகையால் அதைக் கேட்பவரும் இல்லை.

தாத்தா 2017இல் மறைந்தார். 2020 மார்ச்சில் பி.கே. பானர்ஜியும், ஏப்ரலில் சுனி கோஸ்வாமியும் போயினர். 2023 பிப்ரவரி 16 அன்று, எண்பத்தாறாவது வயதில் பலராம் கல்கத்தாவில் காலமானார். ரஹீமின் வாழ்க்கையைச் சொல்லும் 'மைதான்' என்ற இந்தித் திரைப்படம் அடுத்த ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது. எங்கள் பிள்ளைகள் அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு ஓடிவந்து, பலராமாக நடித்தவரைக் காட்டி, "நீங்க சொன்னவரு இவருதானே?" என்று கேட்டார்கள்.

நடிகர் நன்றாகத்தான் ஓடுகிறார். ஆனால் பந்து வரப்போகிற இடத்தில் அவர் முன்கூட்டியே போய் நிற்கிறாரா என்று நாங்கள் பார்த்தோம். படத்தில் அதற்குள் காட்சி மாறிவிடுகிறது. பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துப்போய், பேருந்துத் தடங்களுக்கு நடுவே கல்லை வைத்து, இன்சைடு லெப்ட் நிற்கும் இடம் இது என்று காட்டினோம்.