பொன்விழா ஆராதனைக்குப் பின்பு



முன்பு நான் ஊழியம் செய்த ஒரு சபையில், ஒரு தம்பதியரின் திருமணப் பொன்விழாவுக்கு ஸ்தோத்திர ஆராதனை நடத்தினேன். அவர்களை இளையோருக்கு மாதிரியாக நிறுத்திப் பிரசங்கித்தேன். இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா என்னைத் தேடி வந்தார்கள். "ஐயா, ஐம்பது வருஷமும் அடி வாங்கியிருக்கிறேன். இப்போது தடுக்கக்கூடக் கையில் பலமில்லை" என்றார்கள்.

"இத்தனை காலம் பொறுத்துவிட்டீர்கள், அம்மா. இந்த வயதில் இனி என்ன? ஜெபிப்போம்" என்றேன். ஜெபித்து அனுப்பியும் விட்டேன். இறையியல் கற்றவன்தான் நான். மல்கியா இரண்டாம் அதிகாரத்தில், மனைவியைத் தள்ளிவிடுவதைக் கண்டிக்கும் 16-ஆம் வசனமே கொடுமையையும் கண்டிக்கிறது. எத்தனையோ முறை அதன் முதற்பாதியோடு நிறுத்தியிருக்கிறேன்.

முதிய பெண் வாங்கும் அடியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புகூட, கணவனின் வன்முறையைப் பற்றி 49 வயது வரையுள்ள பெண்களிடமே கேட்டது. பிள்ளைகளோ, "அப்பாவுக்கு வயதாகிவிட்டது, நீங்கள்தான் அனுசரிக்க வேண்டும்" என்கிறார்கள். ஓய்வு பெற்றவர் நாள் முழுவதும் வீட்டில் இருக்கிறார். மருந்துக்கான பணமும் அவர் கையில். (மறதி நோயினால் கை ஓங்கும் முதியவர்களும் உண்டு. அவர்களுக்கு மருத்துவம் வேண்டும்; மனைவிக்கு அப்போதும் பாதுகாப்பு வேண்டும்.)

அந்த அம்மாவுக்கு உதவியது நானல்ல. நற்கருணை அப்பத்தை அவர்கள் இடக்கையால் வாங்கியதைப் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரி ஒருவர் கவனித்தார். தனியே அழைத்துக் காரணம் கேட்டார், புத்தி சொல்லவில்லை. மருத்துவரிடம் கூட்டிப்போனார், தம் வீட்டில் தங்கவைத்தார். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு வயது வரம்பில்லை, வீடு கணவர் பேரில் இருந்தாலும் மனைவிக்கு அதில் வசிக்கும் உரிமை உண்டு என்பதை எனக்கே அவர்தாம் சொன்னார். பிறகு, அந்த அம்மாவின் சம்மதத்தோடு, சபை மூப்பர் இருவர் அந்தப் பெரியவரிடம் போய், "நடப்பது எங்களுக்குத் தெரியும்" என்று நேருக்கு நேர் சொன்னார்கள். ஐம்பது ஆண்டுகளில் அவரிடம் அப்படிச் சொன்னவர் எவருமில்லை.

நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "நீங்கள் ஜெபித்தீர்களே, ஐயா" என்றார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

பெண்கள் உதவி எண் 181, முதியோர் உதவி எண் 14567. இரண்டையும் நம் ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறோம். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அங்கே நின்று குறித்துக்கொண்டால் எவரும் பார்க்கமாட்டார்கள்.