ஐந்து வருடம் காத்திருந்த பாதிரியார்

கிரீஸ் நாட்டுத் தீவுகளிலேயே மிகப் பெரியது கிரீட். மேற்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய 260 கிலோமீட்டர் நீளம். தாய்க்கோழியைச் சுற்றிக் குஞ்சுகள் மேய்வதுபோல, அதைச் சுற்றிலும் சின்னஞ்சிறு தீவுகள் பல உண்டு. வடக்கே டியா, தெற்கே கிறிஸ்ஸி, காவ்டோஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் என்னை அங்கே அழைத்துப் போனாள். "மணல் வெள்ளையா இருக்கிற தீவுக்குப் போகலாமா அம்மா? இல்லே, பெருநோய்க்காரங்களை வெச்சிருந்த தீவுக்குப் போகலாமா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. "ரெண்டாவதுக்கே போவோம்" என்றேன். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அன்றுவரை நான் சொன்னதில்லை.

அந்தத் தீவின் பெயர் ஸ்பினலோங்கா. கிரீட்டின் வடகிழக்குக் கரையில், பிளாக்கா என்னும் கிராமத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. படகில் ஏறி உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்வதற்குள் கரை வந்துவிட்டதைப் போல இருந்தது. அவ்வளவு கிட்டே!

1579-இல் வெனிஸ்காரர்கள் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினார்கள். 1669-இல் கிரீட்டின் தலைநகரே துருக்கியர் வசமான பிறகும், இந்தக் குட்டித் தீவு மட்டும் 1715 வரை அவர்களுக்கு அடங்கவில்லை. பிறகு துருக்கியக் குடும்பங்கள் அங்கே வீடு கட்டி வாழ்ந்தன. 1903-இல் கிரீட் அரசாங்கம் அதைத் தொழுநோயாளிகளை ஒதுக்கிவைக்கும் இடமாக ஆக்கியது. 1913-இல் கிரீட் கிரீஸோடு இணைந்தபின் நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

கோட்டைக்குள் போக இருட்டான ஒரு சுரங்க வழி இருக்கிறது. நரகத்தைப் பற்றிப் பாடிய இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் பெயரால், 'தாந்தேயின் வாசல்' என்று அதைச் சொல்கிறார்கள். உள்ளே நுழைந்தவர்கள் திரும்பி வருவோமா என்று அறியாமலே நுழைந்தார்கள். எதிர்க்கரையில் அடுப்புப் புகை எழுவதைப் பார்க்கலாம். ஆனால் போக முடியாது.

ஆனாலும் அவர்கள் சும்மா இருந்து சாகவில்லை. 1936-இல் எபமினொண்டாஸ் ரெமுண்டாக்கிஸ் என்ற சட்டம் படித்துக்கொண்டிருந்த வாலிபர் நோயாளியாக அங்கே வந்து சேர்ந்தார். நோயாளிகளைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். தெருக்களைத் துப்புரவாக்கினார்கள், வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், நாடகம் போட்டார்கள். கலியாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. நாமும் மனிதர்தாம் என்று தங்களுக்கே சொல்லிக்கொண்ட வாழ்க்கை அது.

இந்த நோய் சாபமும் இல்லை, பரம்பரைச் சொத்தும் இல்லை. ஒரு கிருமியால் வருவது என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் 1873-இலேயே கண்டுபிடித்தார். எளிதில் தொற்றுவதும் அல்ல. பெரும்பாலோர் உடம்பில் அதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. 1940-களில் நல்ல மருந்து வந்தது. 1957-இல் ஸ்பினலோங்கா மூடப்பட்டது.

அந்த ஆண்டைக் கேட்டதும் நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் அத்தையை அழைத்துப் போனது 1960-இல். அப்போது எனக்கு ஏழு வயது. அப்பாவுக்கு மூத்தவர். பால்மரக் காட்டிலிருந்து திரும்பியதும் என்னை மடியில் வைத்துத் தலை வாரிவிடுவார். காலில் உணர்ச்சியற்ற ஒரு தேமல் வந்தது. அதன்பின் அவருக்கென்று தனி மங்கு; லயத்துத் திண்ணைக் கோடியில் தனிப் பாய். ஒரு நாள் காலை பெரட்டு முடிந்த நேரத்தில் வேன் வந்தது. அத்தை என்னைத் தொடாமலே ஏறினார். மறுநாள் அந்தப் பாயைக் கொளுத்தினார்கள்.

1968-இல் கிராணி ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை போய்விட்டார். அப்பா அதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டார். கருமாதி செய்யவில்லை. "பேரு வெளியே வந்தா, இந்தப் புள்ளைய யார் கட்டுவான்?" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்காகத்தான் அத்தையின் பெயரை மறைத்தார்கள். எனக்குக் கலியாணமும் நடந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை.

பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவிலும் ஒரு காலத்தில் தொழுநோயாளிகளைக் குடிவைத்திருந்தார்கள். பெரிய தீவின் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு இருந்தால், மனிதனுக்கு அங்கே யாரையாவது ஒதுக்கத் தோன்றுகிறது. தண்ணீர் இல்லாத இடத்திலும் நாம் அப்படிப்பட்ட தீவுகளை உண்டாக்கிவிடுகிறோம். எங்கள் திண்ணைக் கோடி அப்படி ஒரு தீவு.

ஸ்பினலோங்காவில் நான் கேட்ட கடைசிச் செய்திதான் என்னை உலுக்கியது. 1957-இல் எஞ்சியிருந்த நோயாளிகளை ஏதென்ஸுக்கு மாற்றிய பிறகும் ஒரு பாதிரியார் மட்டும் அங்கேயே தங்கிவிட்டாராம். அவர்கள் வழக்கப்படி, இறந்தவருக்கு நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், முதல் வருடம், மூன்றாம் வருடம், ஐந்தாம் வருடம் என்று நினைவு வழிபாடு செய்ய வேண்டும். அங்கே புதைக்கப்பட்டவர்களுக்கு அது நின்றுவிடக் கூடாது என்று காத்திருந்து, 1962-இல்தான் தீவை விட்டுப் போனார்.

அவருக்கு அவர்கள் உறவா, இரத்த பந்தமா? ஒன்றும் இல்லை. என் அத்தைக்கோ நாங்கள் இருந்தோம். பதினாறாம் நாள் ஒரு விளக்குக்கூட ஏற்றவில்லை.

கல்லறைகளின் பக்கத்தில் நின்று மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தனை நாளா ஏம்மா சொல்லலே?" என்றாள். பதில் இல்லை. "பாட்டி பேரு என்னம்மா?" என்றாள். சொன்னேன். ஐம்பது வருடங்களுக்கு மேல் என் வாயில் வராத பெயர். காற்று பலமாக இருந்ததால் இன்னொரு தரம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் பயம் அது. ஆனால் இன்று பயப்பட ஒன்றுமே இல்லை. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தால் இந்த நோய் முற்றாகக் குணமாகிறது. சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் நின்றுவிடுகிறது. நோயை மருந்து தீர்த்துவிட்டது. நம் வாய்ப்பூட்டை நாம்தான் திறக்க வேண்டும்.

ஊர் திரும்பியபின் வந்த தீபாவளிப் படையலில் அப்பா, அம்மா இலைகளோடு மூன்றாவதாக ஓர் இலை போட்டேன். அத்தையின் படம் எங்களிடம் இல்லை. பெயரைச் சொல்லித்தான் கும்பிட்டோம். பேரப்பிள்ளைகளும் சொன்னார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி மறைத்துவைத்த பெயர் ஒன்று இருக்கலாம். வரும் படையலில் ஓர் இலை கூடுதலாகப் போடுங்கள்.