பார்த்ததை எழுது

நியூ ஜெர்சியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸாக இருந்தே எனக்குத் தலை நரைத்தது. மருந்து, ஊசியெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்குத்தான் அங்கே பழக வேண்டியிருந்தது.

நினைவு மங்கிய ஒரு பாட்டி. ஒரு நாள் காலையில் உடை மாற்றும்போது பார்த்தால், மேல்கையின் உட்புறம் நீலமாகக் கன்றியிருந்தது. எப்படி என்று கேட்டால், "அம்மா எப்போ வருவாங்க?" என்கிறார். "ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுறாங்க, தோலும் வெங்காயச் சருகு மாதிரி. கட்டில் கம்பியில் இடித்திருக்கும்" என்றாள் உதவியாளர் பெண். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இதற்கெல்லாமா காகிதம் நிரப்புவது என்று சலித்துக்கொள்ளும் வயசு அப்போது!

மூத்த நர்ஸ் ஒன்றுதான் கேட்டார்: "இடித்ததை யார் பார்த்தது?" யாரும் இல்லை. "கம்பி இடித்தால் கையின் வெளிப்பக்கம் அல்லவா கன்றும்? எந்த இடம், என்ன அளவு, என்ன நிறம், எத்தனை மணிக்குக் கண்டோம், இவ்வளவு எழுது. காரணம் தெரியவில்லை என்றும் எழுது." உதவியாளரின் முகம் வெளிறியது. "பயப்படாதே. நாம் யார் மேலும் பழி போடவில்லை" என்று தோளைத் தட்டினார்.

முந்தைய ஷிஃப்டுகளில் இருந்தவர்களை விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. ஆள் பற்றாத இரவில் ஒருவர், இடுப்பில் பெல்ட் மாட்டாமல், பாட்டியைக் கையைப் பிடித்தே சக்கர நாற்காலிக்குத் தூக்கியிருக்கிறார். வன்மம் இல்லை, அவசரம். அதன்பின் பெல்ட் மாட்டுவதும் துணைக்கு இன்னொருவர் இருப்பதும் கட்டாயமாயின. கம்பி என்று எழுதி முடித்திருந்தால் அந்தத் தூக்கல் தினமும் தொடர்ந்திருக்கும். ஒரு நாள் தோள்மூட்டே நழுவியிருக்கும்.

அமெரிக்காவில் இந்த இல்லங்களைச் சீர்திருத்தும் சட்டம் 1987-இல் வந்தது. யாரும் பார்க்காத, பட்டவராலும் விளக்க முடியாத, இடமோ அளவோ எண்ணிக்கையோ சந்தேகம் தருகிற காயத்தை நிர்வாகிக்கும் மாநில அதிகாரிகளுக்கும் சொல்லியாக வேண்டும் என்பது இன்றைய விதி. பலத்த காயம் அல்லது கொடுமை என்றால் 2 மணி நேரத்துக்குள், மற்றவை 24 மணி நேரத்துக்குள். விசாரணை முடிவு 5 வேலை நாட்களில் போய்ச் சேர வேண்டும். குற்றமோ என்று சந்தேகப்பட்டால் போலீசுக்கும் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவரை நிர்வாகம் பழிவாங்கக் கூடாது என்று 2010-இல் வந்த சட்டம் சொல்கிறது.

இப்படிப்பட்ட இல்லங்களில் பெற்றோரை விட்டிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. காயத்தைக் கண்டதும் சண்டைக்குப் போகாதீர்கள், பேசாமலும் திரும்பாதீர்கள். யார் முதலில் பார்த்தார்கள், பதிவாகியிருக்கிறதா, விசாரணை என்ன ஆயிற்று என்று நிதானமாகக் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் இல்லவாசிகளின் புகார்களைக் கேட்கும் மாநில ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குச் செலவில்லை. உடனே ஒரு காரணம் சொல்லிவிட்டால் நம் மனசு ஆறிவிடும். வலித்தவருக்கு அது போதாது.